குறுக்குக் கட்டை வேற மரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்க ஒரு பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராயபுரத்தில் என் கடையில் நடந்தது இது. மணிகூட ஞாபகம் இருக்கிறது, பன்னிரண்டே முக்கால். அன்றைக்குப் பூராவும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு கடை. உள்ளே ஒரு லேசர் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், அப்புறம் நான். வீட்டுப் பெயர்ப்பலகை, ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஷீல்டு, கல்யாண ஜோடியின் போட்டோ என்று எதைக் கேட்டாலும் மரத்தில் பொறித்துக் கொடுப்பேன். மெஷின் வேலைதானே, பட்டனைத் தட்டினால் முடிந்தது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். அவ்வளவு சுலபம் இல்லை. இஸ்திரி போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், பருத்திக்கு வைக்கிற சூட்டை நைலானுக்கு வைத்தால் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மரமும் அதே கதைதான். வேங்கை மாதிரி கெட்டி மரம் என்றால் லேசரின் பவரை ஏற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கோடு வந்து இறங்குகிற பேலட் பலகை இருக்கிறதே, அது வெளிநாட்டு பைன் மரம். மெத்தென்று இருக்கும், உள்ளே பிசின் வேறு. வேங்கைக்கு வைக்கிற பவரில் பாதியைக்கூட அது தாங்காது.

எந்த மரத்துக்கு எவ்வளவு பவர், எவ்வளவு ஸ்பீடு என்று ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். தேக்கு, ரப்பர் மரம், மா, வேம்பு, பைன், எல்லாம் அதில் இருக்கும். மரத்தைத் தொட்டுப் பார்த்தே இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன் என்ற மிதப்பும் எனக்கு உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா எழுதிதான் குடுக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். கேலி செய்கிறார் என்று விட்டுவிடுவேன்.

அன்று கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதன் இரண்டு பக்கமும் மரம் நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் இறங்கினாள். தலை வாரியிருக்கவில்லை. கண் இரண்டும் அழுது வீங்கிக் கிடந்தன. டிரைவரும் அவளுமாக ஒரு மரச் சிலுவையை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலடி உயரம், கருஞ்சிவப்பு பாலிஷ், இன்னும் முழுசாகக் காயவில்லை.

"அக்கா, எங்க நைனா தவறிட்டாரு. இதுல பேரு போடணும். மூணு மணிக்குப் பொட்டிய மூடிருவாங்கோ. அதுக்குள்ள நான் வூட்ல இருக்கணும். முடியுமாக்கா?"

வீடு திருவொற்றியூரில். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தவர், முந்தின நாள் ராத்திரி நெஞ்சுவலியில் போய்விட்டார். கல்லறைக்குக் கல் வைக்க நாளாகும் என்பதால், அடக்கம் செய்கிற அன்றைக்குப் பெயர் எழுதிய மரச் சிலுவையை நட்டு வைப்பார்கள். அவளுடைய தாய்மாமா தச்சு வேலை செய்கிறவர். அத்தானுக்குக் கடையில் வாங்க மாட்டேன் என்று விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து அவரே அடித்த சிலுவை அது.

"வேற யாரும் இல்லையாமா, நீதான் வரணுமா?" என்று கேட்டேன். தம்பி கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறான், வர முடியாது. காலையில் சித்தப்பா ஒருவர் போய் அடித்து வந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்பாவின் இனிஷியலே தப்பு. அதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சிலுவையிலாவது பெயர் சரியாக இருக்க வேண்டும், நீயே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு வா என்று இவளை அனுப்பியிருக்கிறார். அப்பா பக்கத்திலிருந்து எழுந்து வரவே அவளுக்கு மனசு இல்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. மற்ற வேலையை எல்லாம் ஓரம் கட்டினேன். "இருவது நிமிசம்மா. ரெண்டு மணிக்கு முன்னாடி நீ உங்கப்பா பக்கத்துல ஒக்காந்துகினு இருப்பே. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த வாக்கைக் கொடுத்தது நான்தான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது, நானும் மறக்கவில்லை.

சிலுவையில் பரீட்சை பார்க்க ஒரே ஒரு இடம்தான் உண்டு, அடிக்கால். மண்ணுக்குள் போகிற பகுதி, யார் கண்ணிலும் படாது. சிலுவை வேலை வந்தால் எப்போதும் அங்கேதான் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டுப் பார்ப்பேன். மெஷினின் முன்கதவைத் திறந்து அடிக்காலை உள்ளே விட்டு மூன்று கட்டம் போட்டேன். கையில் தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வேங்கை. பழைய வாசக்கால் மரமாக இருக்கும். மூன்றாவது கட்டம் அழகாக, ஆழமாக, ஓரம் சுத்தமாக விழுந்தது. அந்தப் பவரையும் ஸ்பீடையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பிறகு சிலுவையைத் திருப்பிக் குறுக்குக் கட்டையை மெஷினுக்குள் நகர்த்தினேன். பெயர் வருவது அங்கேதான். நெட்டுக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு ஒரு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்தேன். லேசர் முனைக்கு அடியில் ஒரு சின்னக் கட்டையை வைத்து உயரம் பார்த்தேன். அப்போது அந்தப் பெண், "அக்கா, இந்தக் குறுக்குக் கட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"மரத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியாமா? அடியில போட்டுப் பாத்துட்டேன், நல்லா வந்துகீது. நீ பேருல எழுத்து கரீட்டா கீதான்னு மட்டும் பாரு."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். இனிஷியலோடு சேர்த்து ஒன்பது எழுத்து. சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். அப்புறம் மறுபடியும், "இல்லக்கா, மாமா இன்னா சொன்னாருன்னா..." என்று இழுத்தாள்.

"நேரம் ஆவுது பாரு. ஸ்டூல்ல ஒக்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, எவ்வளவு தூரம் என்னோடு மல்லுக்கட்டும்? நான் ஸ்டார்ட் பட்டனைத் தட்டினேன். மணி ஒன்று பத்து.

இந்த மெஷின் நாம் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதாது. இடமிருந்து வலமாக ஓடி ஓடி, மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கி வரும். அதனால் ஒன்பது எழுத்தின் தலைப்பகுதியும் ஒன்றாகத்தான் தெரிய ஆரம்பிக்கும். முதல் ஒரு நிமிடம் நான் பார்க்கவே இல்லை, போன் பேசிக்கொண்டிருந்தேன். மூக்கில்தான் முதலில் பட்டது. வேங்கை எரிகிற வாசனை இல்லை அது. கற்பூரமும் தாரும் கலந்த மாதிரி ஒரு பிசின் நாற்றம். திரும்பிப் பார்த்தால் கண்ணாடி மூடிக்குள் மஞ்சளாக ஒரு நாக்கு எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

எமர்ஜென்சி பட்டனை அடித்து, மூடியைத் தூக்கி, பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கிற ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். காயாத பாலிஷ் வேறு, ஓரமாகப் பற்றிக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் அரை நிமிடம் நான் போனில் இருந்திருந்தால் மெஷினும் போயிருக்கும், கடையும் போயிருக்கும். அவசரத்தில் சிலுவையைப் பிடித்து இழுத்ததில் ஸ்டாண்டு சாய்ந்து அதன் கால் முறிந்தது. அந்தப் பெண் ஓடி வந்து சிலுவையைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தாள்.

சாக்கை எடுத்துப் பார்த்தேன். பெயரின் மேல் பாதி முழுக்கக் கரி. அரை விரல் ஆழத்துக்குப் பள்ளம். எது எந்த எழுத்து என்றே தெரியவில்லை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அந்தக் கரியையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இதத்தான்க்கா சொல்ல வந்தேன். குறுக்குக் கட்ட வேற மரம். எங்க நைனா ஹார்பர்லேந்து எடுத்தாந்த பலக. அத வெச்சு வூட்ல மாதா படத்துக்கு ஸ்டாண்டு அடிச்சாரு. அம்மாதான் அதக் கழட்டிக் குடுத்து சிலுவையில சேக்கச் சொன்னாங்க. லேசர் போடச்சொல்லோ அந்தக்காகிட்ட மறக்காம சொல்லுன்னு மாமா சொல்லி அனுப்ச்சாரு."

பைன் பேலட் பலகை. இரண்டுக்கும் ஒரே பாலிஷ் அடித்ததால் பார்வைக்கு ஒரே மரம் மாதிரி இருந்திருக்கிறது. நான் கெட்டி மரத்துக்கு வைத்த சூட்டை மெத்து மரத்தில் வைத்திருக்கிறேன். என் சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட்டில் பைனுக்கு நேரே என்ன நம்பர் என்று சின்னப் பிள்ளையும் படித்துவிடும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு பலகை வாங்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த மனுஷன் கையால் அடித்த பலகையை நான் எங்கே போய் வாங்குவேன்?

"அக்கா, இப்போ இன்னா பண்றது?" என்றாள். மணி ஒன்று இருபத்தைந்து.

இழைத்துச் சுரண்டலாமா என்று பார்த்தேன். அவ்வளவு ஆழம் இழைத்தால் கட்டையில் பாதி போய்விடும். இருக்கிற ஒரே வழி சிலுவையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் எழுதுவதுதான். ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம் இருந்தது. சிலுவையின் முன்பக்கம் குறுக்குக் கட்டை ஒரே நீளமாகத் தெரியும். பின்பக்கம் நெட்டுக் கட்டை நடுவில் புகுந்து அதை இரண்டாகப் பிரித்துவிடும். அப்படியானால் ஒரே பெயரில் முதல் மூன்று எழுத்து பைனில், நடு மூன்று எழுத்து வேங்கையில், கடைசி மூன்று எழுத்து மறுபடியும் பைனில். ஒரே பவரில் ஓட்டவே முடியாது. மூன்று துண்டாக, மூன்று வேலையாகப் போட்டு, மூன்றையும் ஒரே கோட்டில் உட்கார வைக்க வேண்டும். நடுவில் சிலுவை ஒரு நூல் அசைந்தாலும் எழுத்து ஏறி இறங்கிவிடும். இதுவும் கெட்டால் மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையாது.

"நீ வூட்டுக்குப் போமா. ஆட்டோ நிக்குது. நான் முடிச்சு எடுத்துகினு வரேன்" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். "ஸ்டாண்டு ஒடஞ்சி போச்சே, யாருக்கா புடிப்பாங்கோ?"

ஆட்டோ டிரைவரைக் கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தேன், வண்டி மட்டும் இருந்தது, ஆள் சாப்பிடப் போயிருந்தார். அவள் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சிலுவையின் காலைப் பிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அதை மாட்டும்போது அவள் முகம் சூடாக இருந்தது, காய்ச்சல் மாதிரி.

கெட்டுப்போன முன்பக்கம்தான் இனி பரீட்சைக்கு இடம். கரிக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டம் கறுத்தது. இரண்டாவதில் பிசின் கசிந்து பழுப்பாக ஓடியது. பவரை இன்னும் இறக்கி, வேகத்தை ஏற்றி, ஒரே தடவையில் ஆழமாக வேண்டாம், மேலாக இரண்டு தடவை ஓட்டலாம் என்று மூன்றாவது கட்டம் போட்டேன். அது சுத்தமாக விழுந்தது. இரண்டு தடவை என்றால் இரண்டு மடங்கு நேரம். அதைப் பற்றி அவளிடம் சொல்லக்கூட பயமாக இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அவ்வளவு சத்தம் அந்தப் பக்கம். "எங்கம்மா கீறே? இன்னும் இன்னா பண்ணிகினு கீறே? எல்லாரும் கேக்கறாங்க." நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது சொல்லிவிடுவாள், கடைக்காரி மரத்தைக் கொளுத்திவிட்டாள் என்று. சொன்னால் நியாயம்தான்.

"கடையில செம கூட்டம்மா. நம்ம வேலயதான் மொதல்ல பாத்துகினு கீறாங்கோ. தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கடையில் அவளையும் என்னையும் தவிர ஒரு ஈ எறும்பு இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவை இன்னும் பதற வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். நான் சிலுவையைக் கவிழ்த்து, மட்டம் பார்த்து, இரண்டு மரமும் சேருகிற இடத்தில் எந்த எழுத்தும் விழாதபடி இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, மூன்று துண்டாகப் பிரித்தேன். நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது. எல்லாம் தயார் என்று பட்டனில் விரலை வைத்தேன்.

"அக்கா" என்றாள். விரலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன். "சொல்லுமா."

"மொதல்ல பண்ணச்சொல்லோ ஒரு சின்னக் கட்டைய அடியில வெச்சு ஒயரம் பாத்தீங்கோ. இப்போ பாக்கலியே?"

லேசர் முனைக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கிற கட்டை அது. கவிழ்த்த பிறகு அளக்கவே மறந்துவிட்டேன். அளந்தால் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். அப்படியே ஓட்டியிருந்தால் எழுத்து மங்கித் தேய்ந்து விழுந்திருக்கும். "நல்லவேள சொன்னே, தாயி" என்றேன். அவள் மறுபடியும் காலைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மூன்று எழுத்து முடிந்தபோது மணி இரண்டு. நடு மூன்று எழுத்து சீக்கிரம் முடிந்தது. கடைசி மூன்று எழுத்து ஓடும்போது நான் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஈரச் சாக்கோடு குனிந்து நின்றேன், இமை கொட்டவில்லை. அவள் கை மரத்துப்போய் உதறியது, ஆனால் சிலுவை அசையவில்லை. ஒவ்வொரு தடவை மெஷின் ஓடித் திரும்பும்போதும் அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது, ஜெபமாக இருக்கும். இரண்டு இருபத்தெட்டுக்கு மெஷின் நின்றது.

துணியால் துடைத்தேன். ஒன்பது எழுத்து, ஒரே கோட்டில். நடு மூன்று கொஞ்சம் கருமையாகவும் ஓரத்து எழுத்துகள் தேன் நிறத்திலும் இருந்தன. அவள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தாள். கடைசி எழுத்தைத் தொட்டபோதுதான் உடைந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. சிலுவை எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. அந்த ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர் சந்துபொந்தில் எல்லாம் புகுந்து பார்த்தார். தண்டையார்பேட்டை தாண்டவே இரண்டே முக்கால். அவள் போனில் நேரத்தைப் பார்ப்பாள், அணைப்பாள், மறுபடியும் பார்ப்பாள். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே" என்று இரண்டு முறை சொன்னாள், அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு லாரி குறுக்கே நின்று மொத்த ரோடும் அடைத்துக்கொண்டது. நான் இறங்கிப் போய் லாரி டிரைவரிடம் கத்தினேன். அந்த மனுஷன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், அவருக்கு முன்னாலும் லாரி.

"பரவாயில்லக்கா, ஏறுங்க" என்றாள் அவள். மூன்று மணி ஆனபோது அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தை என் வாழ்க்கையில் நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. இந்தப் பெண் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனால் அதற்குக் காரணம் நான் ஒருத்திதான், வேறு யாரும் இல்லை. அதை மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பத்துக்குத் தெருமுனையில் இறங்கினோம். பந்தல் முழுக்க ஆட்கள் எழுந்து நின்றிருந்தார்கள். பேண்டு வாசிக்கிறவர்கள் தயாராக நின்றார்கள். ஒரு பெரியவர், "ஃபாதர் கோயில்ல காத்துகினு கீறாரு, இன்னும் எம்மா நேரம்?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் விலகியபோதுதான் பார்த்தேன். பெட்டி திறந்தே இருந்தது. அவளுடைய அம்மா பெட்டி விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூடியை எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம், "எம்பொண்ணு வரட்டும். அது வராம மூடுனீங்கோ, எங்கையையும் உள்ள வெச்சு மூடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். பத்து நிமிடமாக அப்படியே நின்றிருக்கிறார்.

அவள் ஓடிப் போய் அப்பாவின் முகத்தோடு முகம் வைத்தாள். ஒரு நிமிடம் இருக்கும். ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் நாலு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பெட்டியை மூடினார்கள். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டபோது நான் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்துவிட்டேன்.

நான் சொன்ன வாக்குப்படி நடந்திருந்தால் அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்திருக்கும். அவ்வளவு நேரமும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் கடையில் சிலுவையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்வலம் கிளம்பும்போது அவள் அம்மா என்னிடம் வந்தார். பெயரைப் பார்த்தார், எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்பக்கம் இருந்த கரியை அவர் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மாங் கூட்டத்துலயும் எங்க வேலய மொதல்ல பாத்துட்டு, நீயே தூக்கினு வந்துட்டியே தாயி. நீ நல்லா இருக்கணும்." நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மனசு கேட்காமல் ஏழாம் நாள் பூசைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன், எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான். போனதும் அந்த அம்மா எனக்கு டீ கொடுத்து, வந்திருந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம், "இந்தப் பொண்ணுதான், அவரு பேர எழுதிக் குடுத்துச்சே, அதுதான்" என்று சொல்லி என்னை நடுவில் உட்கார வைத்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் கதைதான் போல. அதை எப்படிப் போட்டு உடைப்பது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்கள் கண்ணில் பட்டால் படட்டும்.

இப்போது யார் மரம் கொண்டுவந்தாலும் மெஷினைத் தொடுவதற்கு முன், "இத பத்தி இன்னா சொல்லணுமோ சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று.

அன்றைக்கு அந்தத் தெருவில் யாராவது ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால், பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார்கள், அதுதான் இன்றுவரை மறக்க முடியவில்லை.